மூட்டையை எடை போடுங்கள்

சென்னை, கோவை, மதுரை, பெங்களூரு என்று பல ஊர்களிலிருந்தும் எவரெஸ்ட் பேஸ் கேம்ப்புக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் தமிழ்க் குழுக்களின் ஒருங்கிணைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

அடுத்த சீசனுக்கான அறிவிப்பு உங்கள் வாட்ஸப் குழுக்களில் இந்நேரம் சுற்ற ஆரம்பித்திருக்கும். மேலே பனிமலைப் படம், நடுவில் தேதி, கீழே தொகை. என்னென்ன அடங்கும் என்று வரிசையாக எழுதியிருப்பீர்கள்: நடை தொடங்கும் மலையூரான லுக்லாவுக்குப் போக வர விமானம், டீ ஹவுஸ் என்னும் வழி லாட்ஜில் இரண்டு பேருக்கு ஓர் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, பர்மிட், கைடு, போர்ட்டர். கடைசியில் இருக்கும் அந்தப் போர்ட்டரைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவர் எத்தனை கிலோ தூக்குவார் என்று நான் பார்த்த எந்த அறிவிப்பிலும் இல்லை.

கேட்பது ஒன்றுதான். லுக்லாவில் மூட்டை கட்டியதும், அது போர்ட்டரின் முதுகில் ஏறும் முன், எல்லார் கண்ணெதிரிலும் எடை போடுங்கள். 30 கிலோவைத் தாண்டினால் இன்னொரு போர்ட்டரை அமர்த்துங்கள். அதற்கான பணத்தை எங்களிடம் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள்.

30 கிலோ என்பது நானாகச் சொல்லும் கணக்கல்ல. போர்ட்டர்களின் பாதுகாப்புக்காக 1997இல் தொடங்கப்பட்ட இன்டர்நேஷனல் போர்ட்டர் புரொடெக்‌ஷன் குரூப் என்ற அமைப்பு, நாட்டுக்கு நாடு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. தான்சானியாவின் கிளிமஞ்சாரோவில் 20 கிலோ, பெருவிலும் பாகிஸ்தானிலும் 25, நேபாளத்தில் 30. காத்மாண்டு ஏஜென்சிகளில் யாரைக் கேட்டாலும் இந்த 30ஐத்தான் சொல்வார்கள். சொல்வதில் யாருக்கும் தயக்கமில்லை. நிறுத்துக் காட்டச் சொன்னால்தான் பேச்சு மாறும்.

அந்தப் பாதையில் தராசுக்குப் பஞ்சமா என்றால், அதுவும் இல்லை. லுக்லா விமானத்தில் கைப்பையையும் சேர்த்துத் தலைக்கு 15 கிலோதான். ஓடுபாதையின் நீளம் 527 மீட்டர், அதுவும் மலைச்சரிவில் கிட்டத்தட்ட 12 சதவீதச் சாய்வோடு. 1964இல் எட்மண்ட் ஹிலாரி முன்னின்று அமைத்த அந்தத் தளத்தில் இறங்கும் சிறிய விமானத்துக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்கு. சீசனில் விமானம் காத்மாண்டுவுக்குப் பதிலாக ராமேச்சாப்பிலிருந்து கிளம்பும். நடுராத்திரியில் வேனில் ஏறி, மலைப்பாதையில் குலுங்கிப் போய், அரைத்தூக்கத்தில் தராசு முன் நிற்போம். முள் எகிறினால் பவர் பேங்க், கேமரா, பேட்டரி எல்லாம் ஜாக்கெட் பைக்குள் போகும். அந்தத் தந்திரத்தைச் சொல்லிக்கொடுப்பதே நீங்கள்தான்.

மேலே பேஸ் கேம்ப்பில் இன்னொரு கணக்கு. சிகரம் ஏறுகிற ஒவ்வொருவரும் 8 கிலோ குப்பையைக் கீழே கொண்டுவர வேண்டும் என்று 2014இல் நேபாள அரசு விதி போட்டது. 1991இல் தொடங்கிய சாகர்மாதா (எவரெஸ்டின் நேபாளப் பெயர்) மாசுக் கட்டுப்பாட்டுக் குழு அதைச் சரிபார்த்து வந்தது. நம்மைப் போல நடந்து மட்டும் போகிறவர்களிடமும், வழியிலுள்ள சந்தை ஊரான நாம்சேயிலிருந்து லுக்லாவுக்குத் திரும்பும்போது ஆளுக்கு ஒரு கிலோ குப்பைப் பையை எடுத்துச் செல்லும்படி கேட்கிறார்கள். நல்ல ஏற்பாடு. விமானத்துக்கு எடைக்கணக்கு உண்டு, குப்பைக்கும் உண்டு. இரண்டுக்கும் நடுவே அறுபது கிலோமீட்டருக்கு மேல் மலையில் சுமந்து நடக்கிற மனிதருக்கு மட்டும் இல்லை.

எடை போட ஏற்ற இடமும் வழியிலேயே இருக்கிறது. லுக்லாவிலிருந்து பாக்டிங் தாண்டி மோஞ்சோவுக்குப் போனால் சாகர்மாதா தேசியப் பூங்காவின் வாயில். 1976இல் பூங்காவானது, 1979இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே எல்லாரும் நின்றுதான் போயாக வேண்டும். பாஸ்போர்ட் பார்க்கிறார்கள், பெயரும் நாடும் எழுதிக்கொள்கிறார்கள். சார்க் நாட்டவர் என்பதால் நமக்கு மற்ற வெளிநாட்டவர் கட்டுவதில் பாதிக் கட்டணம். டிரோன் இருந்தால் அதற்குத் தனி அனுமதி எங்கே என்று கேட்பார்கள். நான் போனபோது அந்த வரிசைக்குப் பக்கத்திலேயே டோக்கோக்கூடையோடும் டஃபிள் மூட்டையோடும் போர்ட்டர்கள் ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களை நிறுத்தி, இது எத்தனை கிலோ என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

லுக்லாவில் மூட்டை கட்டுவதை நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். நம் ஆட்கள் லாட்ஜுக்குள் இஞ்சி டீ குடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வெளி முற்றத்தில் அது நடக்கும். இரண்டு டஃபிள் பைகளை அடுக்கிக் கயிற்றால் இறுக்குவார்கள். மேலே மூன்றாவது. அதற்கும் மேலே போர்ட்டரின் சொந்தச் சாமான், ஒரு பள்ளிக்கூடப் பை அளவுக்கு. கயிற்றின் இரண்டு முனையும் நாம்லோவில் சேரும். நாம்லோ நெற்றிக்கு மேலே உச்சந்தலையை ஒட்டிப் பதியும் பட்டை. முழுப் பளுவையும் கழுத்தும் முதுகுத்தண்டும்தான் வாங்கும். நம் பைகளில் இருப்பது போல இடுப்புக்குப் பளுவை இறக்கும் பெல்ட் அதில் கிடையாது.

எங்கள் குழுவில் ஒருவர், விமானத்துக்காக வாங்கிய கைத்தராசை வைத்திருந்தார். கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்க்கிற வகை, கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது. விளையாட்டாகத்தான் அந்த மூட்டையில் மாட்டினார். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. எண் நாற்பதைத் தாண்டி நின்றது. அதைச் சுமக்கவிருந்த பையனுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்காது, அவனே ஐம்பத்தைந்து கிலோ இருந்தால் அதிகம். கோட்டாங் மாவட்டத்துக்காரன், ராய் இனத்தவன். சம்பந்தமே இல்லாதவன் போல அந்த எண்ணை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். கைடு சொன்ன பதில் உங்களுக்கும் பழக்கமானதாகத்தான் இருக்கும்: “அவர்களுக்கு இது பழக்கம் சார்.” எங்கள் ஒருங்கிணைப்பாளரும் தலையாட்டினார். நாங்கள் நாலைந்து பேர் விடாமல் கேட்டோம். அரைமணி நேரம் பேச்சு. கடைசியில் லுக்லாவிலேயே இன்னோர் ஆள் கிடைத்தார். பத்து நிமிடத்தில் கிடைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். வேலைக்காகக் காத்திருப்பவர்கள் அந்த ஊரில் எப்போதும் உண்டு.

‘பழக்கம்’ என்ற அந்தப் பதிலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது.

நாம்சேயின் சனிக்கிழமைச் சந்தைக்குச் சரக்கு சுமந்து வரும் போர்ட்டர்களைப் பெல்ஜியத்து ஆய்வாளர்கள் எடை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2005இல் சயன்ஸ் இதழில் வந்தது. ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 சதவீதம் சுமந்தார்கள், பெண்கள் 66 சதவீதம். ஆண்களில் ஐந்தில் ஒருவர் தன் எடையின் ஒன்றேகால் மடங்குக்கு மேல். சாலை முடியும் இடத்திலிருந்து நாம்சே வரை சுமார் 100 கிலோமீட்டர், ஏழு முதல் ஒன்பது நாள் நடை. அதே எடையை அவர்கள் அளவுக்குக் குறைந்த சக்தியில் சுமக்க மற்றவர்களால் முடியவில்லை என்பதும் அந்த ஆய்வின் முடிவு. ஆக, தூக்க முடியும் என்பதில் சந்தேகமில்லை. ஒட்டுப்பலகை, கேஸ் சிலிண்டர், பீர் பெட்டி, கதவு நிலை என்று கும்பு எனப்படும் இந்த எவரெஸ்ட் பகுதியில் நாம் பார்க்கும் பாதி ஊர் மனித முதுகில் வந்ததுதான்.

ஆனால் சரக்கு சுமப்பவர் எப்படி நடக்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? சிறிது தூரம் ஏறுவார். டி வடிவத்தில் கைப்பிடி உள்ள டோக்மாக் கட்டையைப் பின்னால் ஊன்றி, மூட்டையை அதன் மேல் இருத்தி, நின்றபடியே மூச்சு வாங்குவார். மறுபடி சிறிது தூரம். அவருக்குக் கூலி கிலோ கணக்கில். எத்தனை தூக்குவது, எங்கே நிற்பது, என்றைக்குப் போய்ச் சேருவது என்பதெல்லாம் அவருடைய முடிவு. உடம்பு சொன்னால் ஒரு நாள் தங்குவார். அவருடைய பாதையும் பெரும்பாலும் 3,440 மீட்டரில் இருக்கும் நாம்சேயோடு முடிந்துவிடும்.

நம் போர்ட்டருக்குக் கூலி நாள் கணக்கில். முப்பது தூக்கினாலும் நாற்பத்தைந்து தூக்கினாலும் அதே கூலி. நாம் லாட்ஜில் போய் ஷூவைக் கழற்றும்போது மூட்டை அங்கே இருக்க வேண்டும், எனவே நமக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். தங்குவதா நடப்பதா என்பதை நம் அட்டவணைதான் சொல்கிறது. அந்த அட்டவணை அவரை நாம்சேயோடு விடுவதில்லை. தெங்போச்சே, 4,400 மீட்டரில் திங்போச்சே, துக்லாவின் கற்சரிவு, லோபுச்சே, 5,100 மீட்டருக்கு மேல் கோரக்ஷெப் என்று கூட்டிப்போகிறது. 5,364 மீட்டரில் இருக்கும் பேஸ் கேம்ப்பில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறையப் பாதி. நாம்சேச் சந்தையின் பழக்கத்தைக் காட்டி லோபுச்சேயின் சுமையை நியாயப்படுத்த முடியாது.

நம் ஊர்க் குழுக்களில் இன்னொரு தவறான எண்ணமும் ஓடுகிறது: அவர்களெல்லாம் ஷெர்பாக்கள், உயரம் அவர்கள் ரத்தத்தில் இருக்கிறது என்று. தலைமுறை தலைமுறையாக உயரத்தில் வாழ்ந்த ஷெர்பாக்களின் உடல் அதற்கேற்ப அமைந்திருப்பது உண்மை. ஆனால் கும்புவின் ஷெர்பா குடும்பங்களில் பலர் இன்று லாட்ஜ் நடத்துகிறார்கள், ஏஜென்சி வைத்திருக்கிறார்கள், சிகரம் ஏற்றிவிடும் வேலைக்குப் போகிறார்கள். பேஸ் கேம்ப் பாதையில் நம் பையைத் தூக்குபவர் பெரும்பாலும் ராய், தமாங், மகர் இனத்தவர். சொலுகும்புவின் தெற்குப் பகுதி, ஒக்கல்துங்கா, கோட்டாங், போஜ்பூர் என்று கீழ் மலைகளிலிருந்து வந்தவர். நெல்லும் சோளமும் விளைகிற ஊர்க்காரர். 4,500 மீட்டரில் நமக்கு என்ன ஆகுமோ அதுவே அவருக்கும் ஆகும். தலைவலி, வாந்தி, நுரையீரலில் நீர் கோத்தல், மூளை வீக்கம் எல்லாம் வரும். நாம் கைவீசிக்கொண்டு நடப்போம், அவர் சுமையோடு நடப்பார் என்பதால் வருவதற்கான வாய்ப்பு அவருக்கே அதிகம்.

வந்துவிட்டால் என்ன நடக்கிறது என்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம்மில் ஒருவருக்குத் தலை சுற்றினால் கைடு விரலில் ஆக்சிமீட்டர் மாட்டுகிறார், உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை வருகிறது, தேவைப்பட்டால் ஹெலிகாப்டர். (தேவைப்படாமலும் வரும். காப்பீட்டுப் பணத்துக்காக ஹெலிகாப்டரை அழைக்கும் மோசடியை 2018இல் நேபாள அரசே விசாரித்தது.) போர்ட்டருக்கு முடியவில்லை என்றால், அதுவரையிலான கூலியைக் கையில் கொடுத்து, கீழே போகச் சொல்லிவிடுவது பழைய வழக்கம். தனியாக. மூளை வீங்க ஆரம்பித்தவருக்கு நடையே தள்ளாடும், புத்தி தெளிவாக இருக்காது. அப்படிப்பட்டவரை அந்திவேளையில் பனிப்பாறை ஓரமாகத் தனியே அனுப்புவதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நான் மேலே சொன்ன அமைப்பு தொடங்கப்பட்டதே, நோயுற்ற ஓர் இளம் போர்ட்டர் இப்படிக் கைவிடப்பட்டு இறந்த பிறகுதான். நோயுற்ற போர்ட்டரைத் தனியாக அனுப்பாதே, கூடவே அவர் மொழி தெரிந்த ஒருவரை அனுப்பு, சிகிச்சைக்குப் பணம் கொடுத்து அனுப்பு என்பது அவர்களுடைய விதிகளில் ஒன்று. 1973 முதல் இயங்கும் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் சீசன்தோறும் பெரிச்சேயில் மருத்துவர்களை வைத்திருக்கிறது. அங்கே பிற்பகலில் உயர நோய் பற்றி ஒரு வகுப்பும் எடுப்பார்கள். குழுவைக் கூட்டிப்போகும்போது போர்ட்டர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். நேபாளியில் இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னால் சொல்வார்கள்.

2014 ஏப்ரலில் பேஸ் கேம்ப்புக்கு மேலே கும்பு பனியருவியில் பனிச்சரிவில் சிக்கி 16 நேபாளத் தொழிலாளர்கள் இறந்தபோது உலகமே அந்தப் பக்கம் திரும்பியது. இறந்தவர் குடும்பத்துக்கு அரசு முதலில் அறிவித்த 40,000 நேபாள ரூபாய் பெரும் கொந்தளிப்பைக் கிளப்பியது, ஏற்றம் அந்த ஆண்டு நின்றுபோனது, காப்பீட்டுத் தொகை 15 லட்சமாக உயர்ந்தது. பேஸ் கேம்ப்புக்கு மேலே வேலை செய்பவர்களுக்கு அந்த அளவுக்காவது குரல் இருக்கிறது. பேஸ் கேம்ப் வரை மட்டும் தூக்குபவர் சிகரத்துக் கதையில் எங்கேயும் வருவதில்லை, எனவே அவருக்காக யாரும் வேலைநிறுத்தம் செய்வதில்லை.

சரி, பணத்துக்கு வருவோம். உங்கள் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. இன்னொரு குழு ஐயாயிரம் ரூபாய் குறைத்து அறிவித்துவிட்டால் ஆட்கள் அங்கே போய்விடுவார்கள். நீங்கள் காத்மாண்டுவின் தாமெலில் இருக்கும் ஏஜென்சியிடம் பேரம் பேசுவீர்கள். ஏஜென்சி விமான டிக்கெட்டில் குறைக்க முடியாது, பூங்காக் கட்டணத்தில் குறைக்க முடியாது, லாட்ஜ்காரரிடம் ஓரளவுக்கு மேல் குறைக்க முடியாது. குறைக்கக்கூடியவை இரண்டுதான். ஒன்று நாட்கள். நாம்சேயிலும் திங்போச்சேயிலும் உடம்பு பழகுவதற்காகத் தங்கும் நாளில் கை வைப்பது. அதைப் பற்றி இன்னொரு மடலே எழுதலாம், இங்கே விட்டுவிடுகிறேன். மற்றது போர்ட்டர்களின் எண்ணிக்கை.

பன்னிரண்டு பேர் கொண்ட குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்குப் பன்னிரண்டு கிலோ டஃபிள். இரண்டு பைக்கு ஒரு போர்ட்டர் என்றால் அவர் சாமானையும் சேர்த்து 30க்குள் அடங்கும், ஆறு போர்ட்டர் வேண்டும். மூன்று பைக்கு ஒருவர் என்றால் நாலு பேர் போதும், ஆளுக்கு நாற்பதைத் தாண்டும். மிச்சமாவது இரண்டு பேரின் கூலி. அதைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். மேலே போகப் போக வெந்நீர்க் குளியலுக்கும் போன் சார்ஜுக்கும் வைஃபைக்கும் நம் ஆட்கள் கொடுக்கும் காசுக்கு முன்னால் அந்தத் தொகை பெரிதாகத் தெரியாது. இந்தக் கணக்கை அப்படியே அறிவிப்பில் போடுங்கள் என்கிறேன். “ஆறு போர்ட்டர்கள், ஒருவருக்கு 30 கிலோவுக்கு மிகாமல்” என்று எழுதிவிட்டுத் தொகையைக் கூட்டுங்கள். யாராவது கேட்டால் பதில் சொல்ல உங்களிடம் காரணம் இருக்கிறது. குறைத்து அறிவிப்பவரிடம், நீங்கள் எத்தனை போர்ட்டர் வைக்கிறீர்கள் என்று கேட்கவும் மக்களுக்கு ஒரு கேள்வி கிடைக்கும்.

பையின் எடையைக் குறைப்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. நம் மக்களின் டஃபிளைத் திறந்தால் பாதி மளிகைக்கடை. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, இரண்டு வகை ஊறுகாய், முறுக்கு, அதிரசம், எதற்கும் இருக்கட்டும் என்று அவல். எனக்கும் பருப்புப்பொடி பிடிக்கும். திங்போச்சேக் குளிரில் அந்தச் சாதத்தோடு அது இறங்கும் சுகம் வேறுதான். ஆனால் குழுவுக்கு ஒரு டப்பா போதும், ஆளுக்கு ஒன்று வேண்டாம். அந்தப் பாதை முழுக்கத் தால் பாத் கிடைக்கிறது, கேட்டால் மறுபடி போடுவார்கள். நாம்சேயில் மருந்துக்கடை, பேக்கரி, மலைச்சாமான் கடை எல்லாம் இருக்கிறது. பேஸ் கேம்ப்பில் பிடித்துப் படமெடுக்கிற ஃபிளெக்ஸ் பேனரைத் துணியில் அடித்தால் என்ன குறைந்துவிடும்? கிளம்பும் முன் நடத்தும் கூட்டத்தில் ஷூ வாங்குவது பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறீர்கள். வீட்டில் பையைக் கட்டி எடை பார்த்துப் படம் அனுப்பச் சொல்வதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

சுமைதானே பிரச்சினை, போர்ட்டரே வேண்டாம், அவரவர் பையை அவரவர் தூக்கினால் போகிறது என்று சில இளைஞர்கள் சொல்வார்கள். முடிந்தவர்கள் செய்யட்டும். ஆனால் நான் கேட்பது அதுவல்ல. அந்த வேலையை நம்பி ஆயிரக்கணக்கானோர் கீழ் மலைகளிலிருந்து ஏறி வருகிறார்கள். ஒரு நல்ல சீசனின் கூலி ஊரில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம். எடைக்கு வரம்பு வைத்தால் நாலு பேர் போகிற இடத்தில் ஆறு பேருக்கு வேலை.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். வேறு மலைகளில் நடக்கிறது. கிளிமஞ்சாரோவில் பூங்கா வாயிலிலேயே போர்ட்டர்களின் மூட்டையைத் தராசில் வைக்கிறார்கள். ஏறத் தொடங்கும் முன் அங்கே வரிசையில் நிற்பது சாதாரணக் காட்சி. பெருவில் 2001இல் போர்ட்டர்களுக்கென்றே சட்டம் வந்தது, இன்கா பாதையின் சோதனைச் சாவடியில் எடை பார்க்கிறார்கள். இரண்டும் பணக்கார நாடுகள் அல்ல. அங்கும் ஏமாற்று உண்டு, வாயிலைத் தாண்டியதும் பையை மாற்றிக் கட்டுவார்கள் என்று சொல்லப்படுகிறது. இருந்தாலும் எடை போடுகிற இடத்தில் ஒரு வரம்பு இருக்கிறது என்பது தூக்குபவருக்குத் தெரியும், அதைச் சொல்லிப் பேச முடியும்.

கும்புவுக்கும் சொந்தமாக முடிவெடுக்கத் தெரியும். அங்குள்ள கும்பு பாசாங் லாமு கிராமிய நகராட்சி, ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை 2020இலிருந்து தடை செய்தது. 2023இல் வெளிநாட்டவர் கைடு இல்லாமல் நடக்கக் கூடாது என்று காத்மாண்டு உத்தரவு போட்டபோது, எங்கள் பகுதியில் அது வேண்டாம் என்று சொல்லிவிட்டது. 2024இல் சிகரம் ஏறுபவர்கள் தங்கள் மலத்தைக்கூடப் பையில் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. இத்தனை செய்தவர்களிடம் மோஞ்சோவில் ஒரு மேடைத் தராசு வைக்கச் சொல்வது அதிகப்படியான கோரிக்கை அல்ல. நேபாளத்துக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளில் முதலிடம் இந்தியர்களுக்கு. நம் ஊர்க் குழுக்கள் நாலைந்து சேர்ந்து, உங்கள் லெட்டர்ஹெட்டில், நகராட்சிக்கும் பூங்கா அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் எழுதினால் அதைப் புறந்தள்ள மாட்டார்கள். வரைவு எழுதித் தர நான் தயார், ஆங்கிலத்திலும் இந்தியிலும். நேபாளியில் சரிபார்க்க ஆள் பிடித்துத் தருகிறேன்.

தராசோடு சேர்ந்து வரவேண்டிய சில்லறை விஷயங்களும் உண்டு. போர்ட்டருக்குக் காப்பீடு எடுத்திருக்கிறோம் என்று ஏஜென்சி சொன்னால், சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். அவர் இரவு எங்கே படுக்கிறார் என்று ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள். பல லாட்ஜுகளில் நாம் சாப்பிட்டு எழுந்த பிறகு அதே கூடத்து பெஞ்சுதான் அவர்களுக்குப் படுக்கை, கடைசி ஆள் சீட்டாட்டத்தை முடிக்கும்வரை அவர்களுக்குத் தூக்கம் கிடையாது. சாப்பாட்டுக் காசு பெரும்பாலும் அவர்கள் கூலியிலிருந்துதான் போகிறது, மேலே போகப் போக விலை ஏறுகிறது என்பதையும் கூலி பேசும்போது நினைவில் வையுங்கள். லுக்லா திரும்பியதும் டிப்ஸை மொத்தமாகக் கைடிடம் கொடுக்காமல், உறையில் பெயர் எழுதி ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கலாம்.

ஏப்ரல் குழுவுக்கான விலைப்புள்ளி காத்மாண்டுவிலிருந்து இன்னும் சில வாரங்களில் உங்களுக்கு வரும். பதில் எழுதும்போது தொகையைக் குறைக்கச் சொல்லும் வரிக்கு முன்னால், போர்ட்டர் எத்தனை பேர், ஒருவருக்கு எத்தனை கிலோ, லுக்லாவில் எங்கள் முன்னால் நிறுத்துக் காட்டுவீர்களா என்ற மூன்று கேள்விகளைச் சேருங்கள். வந்த பதிலை உங்கள் வாட்ஸப் குழுவில் அப்படியே போடுங்கள்.

இப்படிக்கு,
உங்களைப் போன்ற ஒரு குழுவோடு கோரக்ஷெப் வரை நடந்தவன்

பின்குறிப்பு: காத்மாண்டு சுற்றுச்சூழல் கல்வித் திட்டம் என்ற அமைப்பு, சுருக்கமாகக் கீப், போர்ட்டர்களுக்கென்று ஓர் உடை வங்கி நடத்துகிறது. வேலைக்குப் போகும் முன் ஜாக்கெட், பேன்ட், பூட்ஸ் எல்லாம் அங்கே இரவல் வாங்கிக்கொண்டு திரும்பியதும் கொடுத்துவிடலாம். நம் ஆட்கள் வாங்கும் டவுன் ஜாக்கெட் சென்னைக்குத் திரும்பியதும் பீரோவில்தான் தூங்கும். காத்மாண்டுவை விட்டுக் கிளம்பும் நாளில் குழுவாகப் போய்க் கொடுத்துவிட்டு வர உங்கள் அட்டவணையில் ஒரு மணி நேரம் வையுங்கள். ஆண்கள் பூட்ஸில் ஏழு, எட்டு அளவுகளாக இருந்தால் நிறையப் பேருக்குப் பொருந்தும்.